விழுந்த வரியிலிருந்து கெடுத்த வரிக்கு: நினைவகப் பிழைகளை டிபக்கர் கொண்டு கண்டுபிடிக்கும் முறை

சி, சி++ நிரல்களில் நினைவகப் பிழைகளைத் தேடுவது கடினமாக இருப்பதற்கு முதன்மையான காரணம், நிரல் விழும் வரியும் நினைவகத்தைக் கெடுத்த வரியும் பெரும்பாலும் வேறு வேறாக இருப்பதுதான். ஒரு ஃபங்ஷன் தனக்கு ஒதுக்கப்பட்ட இடத்தைத் தாண்டி ஒரு பைட் எழுதிவிடுகிறது. அந்தக் கணத்தில் எதுவும் நடப்பதில்லை. வெகுநேரம் கழித்து, எந்தத் தவறும் செய்யாத வேறொரு ஃபங்ஷன் அந்த இடத்தைத் தொடும்போது நிரல் நின்றுவிடுகிறது. நின்ற வரியில் மட்டும் ஒரு சோதனையைச் சேர்த்துவிட்டு நகர்ந்தால், அதே பிழை இன்னொரு நாள் இன்னோர் இடத்தில் தலைகாட்டும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கெட்டுப்போன அந்த பைட்டைக் கடைசியாக எழுதியது எந்த வரி? நிரலை இடையில் நிறுத்தி அதன் உள்நிலையைப் பார்க்க உதவும் கருவியான டிபக்கரால் இதற்கு நேரடியாகவே விடை தர முடியும். அதை அவ்வாறு கேட்கும் முறையைத்தான் இங்கே விளக்குகிறேன்.

இங்கே சொல்பவை லினக்ஸ் இயங்குதளத்தையும், 64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி கணினியையும், சி நிரல்களுக்கு அடிப்படையான ஜிலிப்சி நூலகத்தையும், ஜிடிபி டிபக்கரையும் அடிப்படையாகக் கொண்டவை. ஜிடிபியை 1986-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதத் தொடங்கினார். இன்றும் லினக்ஸில் சி நிரல் எழுதுவோர் முதலில் கையில் எடுக்கும் டிபக்கர் அதுவே. கட்டளைகளை அவற்றின் ஒலிப்பிலேயே தமிழில் தருகிறேன். முனையத்தில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்.

தொடங்குவதற்கு முன்

நிரலைக் கம்பைல் செய்யும்போது ‘-ஜி’ என்ற தேர்வைச் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் டிபக்கருக்கு வரி எண்களும் மாறிகளின் பெயர்களும் தெரியாது. அதோடு, கம்பைலரின் மேம்படுத்தலை ‘-ஓ0’ அல்லது ‘-ஓஜி’ அளவுக்குக் குறைத்துக்கொள்வது நல்லது. ‘-ஓ2’ அளவில் கம்பைல் செய்த நிரலில் பல மாறிகள் செயலியின் உள்ளே இருக்கும் பதிவகங்களுக்குள் கரைந்துபோயிருக்கும். அவற்றின் மதிப்பைக் கேட்டால் ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்ற விடைதான் வரும். ஆயினும் ஒரு பிழை ‘-ஓ2’ அளவில் மட்டுமே தோன்றுமானால் அதே அளவில்தான் தேட வேண்டும். அப்போது ‘-எஃப்நோ-ஒமிட்-ஃபிரேம்-பாயிண்டர்’ என்ற தேர்வையும் சேர்த்தால் எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று காட்டும், பிற கருவிகள் தரும் அழைப்புச் சங்கிலிகளும் நம்பத்தக்கவையாக இருக்கும்.

நிரல் எப்போது விழும் என்று தெரியாத நிலையில், விழும் கணத்தின் நினைவகத்தைக் கோர் கோப்பாகச் சேமிக்கச் செய்யலாம். முனையத்தில் ‘யூலிமிட் -சி அன்லிமிடெட்’ என்று கொடுத்துவிட்டு நிரலை இயக்க வேண்டும். சிஸ்டம்டி கோர் கோப்புகளைக் கையாளும் லினக்ஸ் வெளியீடுகளில் அவை தனியிடத்தில் சேமிக்கப்படும். ‘கோர்டம்ப்சிடிஎல் ஜிடிபி’ என்ற கட்டளை கடைசியாக விழுந்த நிரலின் கோர் கோப்பை நேரடியாக ஜிடிபியில் திறந்து தரும். கோர் கோப்பில் நிரலை ஓட்டிப் பார்க்க முடியாது. விழுந்த கணத்தின் நிலையைப் படிக்க மட்டுமே முடியும். கீழே வருவதைப் போன்ற பிழையில் பாதித் தூரத்துக்கு அதுவே போதும்.

திருச்சியில் மட்டும் விழும் நிரல்

ஒரு சிறிய சி நிரலை எடுத்துக்கொள்வோம். அது ஒரு கோப்பிலிருந்து வரிக்கு ஒன்றாக ஊர்ப் பெயர்களைத் தமிழில் படிக்கிறது. வரியின் முடிவுக் குறியை நீக்கிவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும், நினைவகத்தில் இடம் ஒதுக்கித் தரும் மாலாக் ஃபங்ஷனை இரண்டு முறை அழைக்கிறது. முதல் அழைப்பு பெயரை வைப்பதற்கு. அதற்கான அளவை, சரத்தின் நீளத்தை எண்ணும் ஸ்டர்லென் ஃபங்ஷன் தருகிறது. இரண்டாவது அழைப்பு, பெயரின் முகவரியைச் சுட்டும் பாயிண்டர், மக்கள்தொகை, அடுத்த பதிவைச் சுட்டும் பாயிண்டர் ஆகிய மூன்றும் அடங்கிய 24 பைட் பதிவுக்கு. அதன்பின் ஸ்டர்காப்பி மூலம் பெயரைப் படியெடுத்து, பதிவைப் பட்டியலில் சேர்க்கிறது. இறுதியில் பட்டியல் முழுவதையும் ஃப்ரீ ஃபங்ஷன் மூலம் விடுவிக்கிறது.

சி மொழி அறிந்தவர்களுக்குப் பிழை தெரிந்திருக்கும். ஸ்டர்லென் தரும் அளவில் சரத்தின் முடிவைக் காட்ட இறுதியில் வரும் சுழி பைட் (மதிப்பு 0) சேராது. ஆகவே ஒரு பைட் கூடுதலாகக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் இந்த நிரல் மதுரைக்கு ஓடும், கோவைக்கு ஓடும், சென்னை, தஞ்சாவூர், திருநெல்வேலி ஆகியவற்றுக்கும் ஓடும். திருச்சி வந்தால் விழும். நாமக்கல், அரியலூர், தர்மபுரி, சிவகங்கை ஆகியவற்றுக்கும் விழும்.

எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் இடம் பிடிக்கிறது. மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படுகின்றன. ‘மதுரை’ 5 குறிகள், 15 பைட். ‘திருச்சி’ 8 குறிகள், 24 பைட். ஜிலிப்சியின் மாலாக் கேட்ட அளவை அப்படியே தருவதில்லை. 64 பிட் கணினியில் பயன்படுத்தத்தக்க இடம் 24, 40, 56, 72 என்று 16 பைட் இடைவெளியில்தான் கிடைக்கும். 15 பைட் கேட்ட மதுரைக்கு 24 கிடைக்கிறது; சுழி பைட் 16-ஆவது இடத்தில் யாருக்கும் தீங்கின்றி உட்கார்ந்துகொள்கிறது. 24 கேட்ட திருச்சிக்குச் சரியாக 24 கிடைக்கிறது. 25-ஆவது பைட், மாலாக் அடுத்ததாக ஒதுக்கிய துண்டின் அளவைக் குறித்து வைத்திருக்கும் தலைப்பகுதியில் போய் விழுகிறது. மேற்சொன்ன அளவுகளில் 24-க்கு அடுத்தபடியாக 3-ஆல் வகுபடுவது 72 மட்டுமே. 24 குறிகள் நீளமுள்ள ஊர்ப் பெயர் அரிது என்பதால், 8 குறிகள் கொண்ட ஊர்கள் மட்டும் அகப்பட்டுக்கொள்கின்றன. ஆங்கிலப் பெயர்களைக் கொண்டு மட்டும் சோதிப்பவர் 24 எழுத்துப் பெயர் ஒன்று வரும்வரை இந்தப் பிழையைக் காணவே மாட்டார். தமிழ் உள்ளீட்டைக் கொண்டும் சோதிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜிடிபியில் தேடும் வரிசை

நிரலை ஜிடிபிக்குள் ‘ரன்’ கொடுத்து இயக்கினால், ‘ஃப்ரீ(): இன்வாலிட் பாயிண்டர்’ என்ற செய்தியோடு நிரலை நிறுத்தும் 6-ஆம் எண் சிக்னலான சிக்அபார்ட்டில் நிற்கும். செய்தியின் சொற்கள் ஜிலிப்சியின் பதிப்புக்கேற்ப மாறலாம். அந்தச் செய்தி ‘நீ தவறான முகவரியை விடுவிக்கிறாய்’ என்று சொல்வதாகப் படும். உடனே ஃப்ரீ வரியைத் திருத்தத் தோன்றும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. ஜிலிப்சி உண்மையில் சொல்வது, இந்தத் துண்டின் தலைப்பகுதியில் உள்ள அளவு பொருந்தவில்லை என்பது மட்டுமே.

முதலில் ‘பிடி’ என்ற கட்டளையால் அழைப்புச் சங்கிலியைப் பார்க்க வேண்டும். மேலே உள்ள சில வரிகள் ரெய்ஸ், அபார்ட், மாலாக்_பிரின்ட்எர் என்று நூலகத்தின் உள்வேலைகளாக இருக்கும். அவற்றைக் கடந்து நம் கோப்பின் பெயர் வரும் முதல் சட்டகத்துக்கு (சங்கிலியின் ஓர் அழைப்புக்கு) ‘ஃபிரேம்’ கட்டளையால் செல்ல வேண்டும். அங்கே விடுவிக்கப்படவிருந்த பதிவின் பாயிண்டரை ‘பிரிண்ட்’ செய்து, அந்த முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பதிவின் உள்ளடக்கத்தையும் பார்க்க வேண்டும்: பெயர்ப் பாயிண்டர், மக்கள்தொகை, அடுத்த பதிவு ஆகிய மூன்றும் ஒழுங்காக இருக்கும். பதிவு கெடவில்லை, அதற்கு முன்னால் உள்ள ஏதோ கெட்டிருக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது.

அடுத்து, பாயிண்டருக்கு 8 பைட் முன்னால் உள்ள தலைப்பகுதியை ‘எக்ஸ்’ கட்டளையால் படிக்க வேண்டும். ‘எக்ஸ்/ஜிடி’ என்று கொடுத்தால் 8 பைட் எண்ணாக, பதின்ம வடிவில் காட்டும். நலமாக உள்ள எந்தப் பதிவுக்கும் அங்கே 33 இருக்கும்: துண்டின் அளவு 32, முந்தைய துண்டு பயன்பாட்டில் உள்ளது என்பதைக் குறிக்கும் 1. நம் பதிவில் 0 இருக்கிறது. பட்டியலின் அடுத்த பதிவையும் இதேபோல் பார்த்து, அங்கே 33 இருப்பதை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஒப்பீட்டைத் தவிர்க்கக் கூடாது. நல்லது எப்படி இருக்கும் என்று தெரியாமல் கெட்டது இதுதான் என்று சொல்ல முடியாது.

இப்போது தலைப்பகுதிக்கு முந்தைய 24 பைட்டுகளை ‘எக்ஸ்/24யூபி’ என்று தனித்தனி எண்களாகப் பார்ப்போம். 224, 174 என்ற இணை மீண்டும் மீண்டும் வரும். கடைசி ஆறு பைட்டுகள் 224, 174, 154, 224, 174, 191. யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறிகள் அனைத்தும் 224-இல் தொடங்கி, இரண்டாவது பைட்டில் 174 அல்லது 175 பெறுகின்றன. ஆக இந்த ஆறும் ‘ச’ என்ற எழுத்தும் இகரக் குறியும், சேர்ந்து ‘சி’. திருச்சியின் கடைசி எழுத்து தலைப்பகுதியின் வாசல்வரை வந்து நிற்கிறது, அதற்கு அடுத்த பைட் 0. கெட்ட இடத்தின் அண்டையில் இருக்கும் பைட்டுகளை எழுத்தாகவும், எண்ணாகவும், பாயிண்டராகவும் மாற்றிமாற்றிப் படித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். எழுதியவர் யார் என்பதை அந்த பைட்டுகளே பலமுறை காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

சந்தேகத்தை உறுதியாக்குவது, ஓர் இடத்தின் மதிப்பு மாறியவுடன் நிரலை நிறுத்தும் வாட்ச்பாயிண்டின் வேலை. பொதுவாக லினக்ஸ் ஒவ்வொரு முறையும் முகவரிகளை மாற்றியமைக்கும். ஆனால் ஜிடிபிக்குள் இயக்கும்போது அந்த மாற்றியமைத்தல் இயல்பாகவே நிறுத்திவைக்கப்படுகிறது. எனவே உள்ளீடு மாறாத ஒற்றை இழை (த்ரெட்) நிரலில், முந்தைய ஓட்டத்தில் குறித்துக்கொண்ட முகவரி அடுத்த ஓட்டத்திலும் செல்லும். பதிவுக்கான மாலாக் வரிக்கு அடுத்த வரியில், ‘பதிவின் பாயிண்டர் இந்த முகவரிக்குச் சமமானால் நில்’ என்ற நிபந்தனையோடு ஒரு பிரேக்பாயிண்ட், அதாவது நிறுத்தும் புள்ளி, வைத்து, மீண்டும் ‘ரன்’ கொடுக்க வேண்டும். அங்கே நின்றதும் தலைப்பகுதியைப் பார்த்தால் 33 இருக்கும். இன்னும் கெடவில்லை என்று பொருள். உடனே அந்த 8 பைட்டின் மீது ‘வாட்ச் -எல்’ கொடுத்துவிட்டு ‘கன்டினியூ’ சொல்ல வேண்டும். சற்றைக்கெல்லாம் பழைய மதிப்பு 33, புதிய மதிப்பு 0 என்ற அறிவிப்போடு நிரல் ஸ்டர்காப்பியின் உள்ளே நிற்கும். ‘அப்’ கொடுத்து ஒரு சட்டகம் ஏறினால், நம் கோப்பில் பெயரைப் படியெடுக்கும் வரி. அதுதான் கெடுத்த வரி. அதற்கு இரண்டு வரி மேலே, அளவைக் குறைத்துக் கேட்ட மாலாக்.

வாட்ச்பாயிண்ட் பற்றிச் சில செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். ‘-எல்’ இல்லாமல் ஒரு மாறியின் பெயரைக் கொடுத்தால், அந்த மாறி வாழும் ஃபங்ஷன் முடிந்ததும் வாட்ச்பாயிண்டும் நீங்கிவிடும். ‘-எல்’ கொடுத்தால் அந்த முகவரியையே பிடித்துக்கொள்ளும். இன்டெல் வகைச் செயலிகளில் இதற்கெனப் பயன்படும் முகவரிப் பதிவகங்கள் 4 மட்டுமே உள்ளன. ஒவ்வொன்றும் அதிகபட்சம் 8 பைட்டைக் கண்காணிக்கும். அதற்கு மேல் கேட்டால் ஜிடிபி மென்பொருள் வழிக்கு மாறி, ஒவ்வொரு இயந்திரக் கட்டளையாக நிரலை நகர்த்தும். அவ்வழி இயல்பைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெதுவானது. எனவே அறிவிப்பில் ‘ஹார்டுவேர் வாட்ச்பாயிண்ட்’ என்று வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். இன்னொன்று: ஒரு துண்டு விடுவிக்கப்பட்டு வேறொருவருக்கு மறுபடி ஒதுக்கப்படும்போது அதே இடத்தில் முறைப்படி எழுதும் செயல்களும் நடக்கும். வாட்ச்பாயிண்டைச் சீக்கிரமே வைத்தால் அவை அனைத்திலும் நிற்க நேரிடும். மேலே நிபந்தனையோடு பிரேக்பாயிண்ட் வைத்தது இதைத் தவிர்ப்பதற்காகவே.

முகவரி நிலைக்காதபோது பின்னோக்கி ஓட்டுதல்

பல இழைகள் கொண்ட நிரலிலும், வலையிலிருந்து தரவு பெறும் நிரலிலும், அடுத்த ஓட்டத்தில் அதே முகவரி வரும் என்ற உறுதி இல்லை. ஜிடிபியிலேயே பின்னோக்கி ஓட்டும் வசதி 2009-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆனால் அது மிக மெதுவானது என்பதோடு, இன்றைய ஜிலிப்சி சரங்களைக் கையாளப் பயன்படுத்தும் ஏவிஎக்ஸ் வகைச் செயலிக் கட்டளைகளில் தடுக்கி நின்றுவிடக்கூடும். நடைமுறையில் நான் பரிந்துரைப்பது மொசில்லாவில் உருவாக்கப்பட்ட ஆர்ஆர் என்னும் கருவி. ‘ஆர்ஆர் ரெக்கார்ட்’ என்று நிரலை ஒருமுறை ஓட்டிப் பதிவு செய்துகொண்டால், ‘ஆர்ஆர் ரீப்ளே’ அந்த ஓட்டத்தையே, முகவரிகள் உட்பட எதுவும் மாறாமல், எத்தனை முறை வேண்டுமானாலும் ஜிடிபிக்குள் நிகழ்த்திக் காட்டும்.

அப்போது தேடும் முறை மிகவும் சுருங்கிவிடும். விழும் இடம்வரை ‘கன்டினியூ’, கெட்ட தலைப்பகுதியின் மீது ‘வாட்ச் -எல்’, பிறகு ‘ரிவர்ஸ்-கன்டினியூ’. முதல் முறை அது சிக்னல் வந்த இடத்திலேயே நிற்கலாம். மறுபடியும் கொடுத்தால், அந்த பைட்டுகளைக் கடைசியாக மாற்றிய இயந்திரக் கட்டளையில் போய் நிற்கும். முன்னோக்கிய தேடலில் முகவரியைக் குறித்து, நிபந்தனை வைத்து, மறுபடி ஓட்டிச் செய்த எதுவும் இங்கே தேவையில்லை. இந்த வசதியை அறியாமல் நாள்கணக்கில் அச்சு வரிகளைச் சேர்த்துத் தேடுவோரைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. ஆர்ஆருக்குச் செயலியின் செயல்திறன் எண்ணிகள் தேவை. எனவே சில மெய்நிகர் கணினிகளில் அது இயங்காது. மேலும் பல இழை நிரலையும் ஒரே நேரத்தில் ஓர் இழை என்ற முறையில்தான் ஓட்டும். ஆகவே இழைகள் ஒன்றோடொன்று மோதும் சில பிழைகள் பதிவின்போது தோன்றாமல் போகலாம். அவற்றுக்கு ‘ரெக்கார்ட்’ கட்டளையோடு ‘கேயாஸ்’ என்ற தேர்வைச் சேர்த்து, இழைகள் மாறும் வரிசையைக் கலைத்துப் பார்க்கலாம்.

அட்ரஸ் சானிடைசரையும் டிபக்கரையும் இணைத்தல்

திருச்சி வரும்வரை காத்திருந்தது தவறு என்பதை இந்நேரம் வாசகர் உணர்ந்திருப்பார். மதுரையிலேயே எல்லை மீறப்பட்டது. வெளியே தெரியவில்லை, அவ்வளவே. அதை முதல் பைட்டிலேயே பிடிப்பதற்காகக் கூகுள் பொறியாளர்கள் உருவாக்கி, 2012-இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்ட கருவிதான் அட்ரஸ் சானிடைசர். கிளாங் 3.1 பதிப்பிலிருந்தும் ஜிசிசி 4.8 பதிப்பிலிருந்தும் அது கம்பைலருடனேயே வருகிறது. ‘-எஃப்சானிடைஸ்=அட்ரஸ்’ என்ற தேர்வோடு கம்பைல் செய்தால், நிரல் நினைவகத்தைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சோதனை சேர்க்கப்படும். நினைவகத்தின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 நிழல் பைட் வைக்கப்பட்டு, அந்த எட்டில் எத்தனை பைட்டைத் தொடலாம் என்பது அதில் குறிக்கப்படும். ஒதுக்கப்பட்ட துண்டுகளுக்கு இருபுறமும் தொடக்கூடாத பகுதிகள் விடப்படும். நிரலின் வேகம் ஏறத்தாழ பாதியாகக் குறையும். அன்றாடச் சோதனைக்கு அது தாங்கத்தக்கதே.

இவ்வாறு கம்பைல் செய்த நம் நிரல் மதுரையைப் படியெடுக்கும்போதே நின்றுவிடும். அறிக்கை ‘ஹீப்-பஃபர்-ஓவர்ஃப்ளோ’ என்று தொடங்கி, 16 பைட் எழுதப்பட்டது என்றும், தொட்ட முகவரி 15 பைட் பகுதிக்கு 0 பைட் அப்பால் உள்ளது என்றும் சொல்லும். பலர் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். இரண்டாவதாக வரும் அந்த 15-க்கும் 0-க்கும்தான் மதிப்பு அதிகம். 16 எழுதப்போய் 15-ஐத் தாண்டியது என்றால் ஒரு பைட் குறைவாகக் கேட்டிருக்கிறோம் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. 0 பைட் அப்பால் என்பது பெரும்பாலும் சுழி பைட்டையோ சுழற்சி ஒருமுறை கூடுதலாகச் சென்றதையோ குறிக்கும். பல நூறு பைட் அப்பால் என்றால் தவறான சுட்டெண்ணைத் தேட வேண்டும்.

அறிக்கை அழைப்புச் சங்கிலியைக் கொடுக்கும். மாறிகளின் மதிப்புகளைக் கொடுக்காது. அதற்கு டிபக்கர் வேண்டும். ‘ஏசான்_ஆப்ஷன்ஸ்’ என்ற சூழல் மாறியில் ‘அபார்ட்_ஆன்_எரர்=1’ என்று வைத்து ஜிடிபிக்குள் இயக்கினால், அறிக்கை வந்த கையோடு நிரல் ஜிடிபியில் நிற்கும்; வழக்கம்போல் சட்டகம் சட்டகமாக ஏறி, நீளம் என்ன, எந்தப் பெயர், சுழற்சி எத்தனையாவது சுற்று என்று பார்க்கலாம். அதே மாறியில் ‘டிடெக்ட்_லீக்ஸ்=0’ என்பதையும் சேர்க்க வேண்டும்; கசிவை, அதாவது விடுவிக்காமல் விட்ட நினைவகத்தைச் சோதிக்கும் பகுதி டிபக்கரின் கீழ் இயங்காது, நிரல் முடியும்போது தன் இயலாமையைத் தெரிவித்துப் பிழையோடு வெளியேறும்.

இந்தக் கருவியை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதற்கான காரணம் வாசிப்புப் பிழைகள். எல்லை தாண்டி எழுதினால் என்றாவது ஒருநாள் நிரல் விழும். எல்லை தாண்டிப் படித்தால் பெரும்பாலும் விழாது, பிறருடைய தரவு வெளியே போகும். 2014-இல், வலைத்தொடர்புகளை மறைகுறியாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் குறை அத்தகையது. ஒரு வேண்டுகோளுக்கு 64 கிலோபைட் வரை சேவையகத்தின் நினைவகம் வெளியே கசிந்தது, சேவையகம் விழாமலேயே. தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் சரிசெய்யப்படும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகம் சார்ந்தவை என்று 2019-இல் மைக்ரோசாஃப்ட் தெரிவித்தது.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். நிரல் தனக்கென ஒரு பெரிய பகுதியை வாங்கி, அதிலிருந்து தானே துண்டுகளைப் பங்கிட்டுக்கொண்டால், அத்துண்டுகளின் எல்லைகளை அட்ரஸ் சானிடைசர் அறியாது. சோதனைக்காகவாவது அந்தப் பங்கீட்டை நிறுத்தி, நேரடியாக மாலாக் அழைக்கும்படி செய்துகொள்ள வேண்டும்.

விடுவித்த பிறகு தொடுதல்

விடுவித்த துண்டைத் தொடுவது இன்னும் வஞ்சகமான பிழை. நம் நிரலில் பட்டியலை விடுவிக்கும் சுழற்சியை ஒருவர், பதிவை ஃப்ரீ செய்துவிட்டு, பிறகு அதே பதிவிலிருந்து அடுத்த பாயிண்டரை எடுக்கும்படி எழுதிவிட்டார் என்று கொள்வோம். இது பெரும்பாலும் பிசகில்லாமல் ஓடும். காரணம், 2.29 பதிப்பு முதல் ஜிலிப்சி சிறிய துண்டுகளை விடுவிக்கும்போது முதல் 16 பைட்டுகளில் மட்டும் தன் குறிப்புகளை எழுதுகிறது: முதல் 8 பைட்டில் அடுத்த காலித் துண்டின் முகவரி, அடுத்த 8 பைட்டில் ஒரு சரிபார்ப்பு எண். நம் பதிவில் அவை பெயரும் மக்கள்தொகையும் இருந்த இடங்கள். அடுத்த பாயிண்டர் 17-ஆவது பைட்டில் தொடங்குவதால் தப்பிவிடுகிறது. யாரோ ஒருவர் பதிவின் உறுப்புகளை வரிசை மாற்றி, அடுத்த பாயிண்டரை முதலில் வைத்தவுடன் நிரல் விழும். பழி வரிசை மாற்றியவர் மேல் விழும். ஜிடிபியில் ஒரு பதிவின் முதல் இரண்டு உறுப்புகள் பொருளற்றும் மற்றவை சரியாகவும் இருந்தால், அது விடுவிக்கப்பட்ட துண்டு என்று முதலில் ஐயுற வேண்டும்.

அதை விடுவித்தது யார் என்று ஜிடிபியில் மட்டும் கண்டுபிடிக்க, ஃப்ரீ ஃபங்ஷன் மீது நிபந்தனையோடு ஒரு பிரேக்பாயிண்ட் வைக்கலாம். 64 பிட் லினக்ஸில் ஃபங்ஷனுக்குக் கொடுக்கப்படும் முதல் மதிப்பு ஆர்டிஐ பதிவகத்தில் வருவதால், அந்தப் பதிவகம் நம் முகவரிக்குச் சமமானால் நில் என்று கேட்க வேண்டும். பிரேக்பாயிண்டோடு ‘கமாண்ட்ஸ்’ சேர்த்து, ஒவ்வொரு முறையும் ‘பிடி’ அச்சிட்டுத் தானே தொடரும்படி அமைத்தால், அந்த முகவரி விடுவிக்கப்பட்ட வரலாறு முழுவதும் திரையில் வரும். விழுவதற்கு முன் கடைசியாக வந்த சங்கிலியே நமக்கு வேண்டியது. அட்ரஸ் சானிடைசரோ இந்த வகைப் பிழைக்கு மூன்று அழைப்புச் சங்கிலிகளைத் தானாகவே தருகிறது: இப்போது தொட்டது, முன்பு விடுவித்தது, அதற்கு முன்பு ஒதுக்கியது. நடுவில் உள்ளதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

மதிப்பிடப்படாத இடமும் கசிவும்

மதிப்பு எழுதாமலேயே ஒரு மாறியைப் படிப்பதை அட்ரஸ் சானிடைசர் பிடிக்காது. இதற்கு வால்கிரைண்ட் தேவை. ஜூலியன் சீவர்ட் உருவாக்கி 2002-இல் வெளியிட்ட கருவி அது. நிரலை மீண்டும் கம்பைல் செய்யத் தேவையில்லை. ஆனால் 20 முதல் 30 மடங்கு மெதுவாக ஓடும். அட்ரஸ் சானிடைசருடன் கம்பைல் செய்த நிரலை இதற்குள் இயக்கக் கூடாது. ‘--டிராக்-ஒரிஜின்ஸ்=எஸ்’ என்ற தேர்வைச் சேர்த்தால், மதிப்பிடப்படாத பைட் எந்த ஒதுக்கீட்டிலிருந்து வந்தது என்பதையும் சொல்லும்.

வால்கிரைண்டுக்குள் ஓடும் நிரலை ஜிடிபியால் நிறுத்திப் பார்க்க முடியும் என்பதைப் பலர் அறிவதில்லை. ஒரு முனையத்தில் ‘--விஜிடிபி-எரர்=0’ என்ற தேர்வோடு வால்கிரைண்டைத் தொடங்க வேண்டும்; நிரல் முதல் கட்டளைக்கு முன்பே காத்திருக்கும். இன்னொரு முனையத்தில் அதே நிரலை ஜிடிபியில் திறந்து, ‘டார்கெட் ரிமோட்’ கட்டளையோடு குழாய்க் குறியும் ‘விஜிடிபி’ என்ற சொல்லும் கொடுத்து இணைக்க வேண்டும். அதன்பின் வால்கிரைண்ட் ஒவ்வொரு பிழையைக் காணும்போதும் நிரல் ஜிடிபியில் நிற்கும். ‘மானிட்டர் கெட்_விபிட்ஸ்’ எந்த பைட்டுகள் மதிப்புப் பெறாதவை என்று காட்டும். ‘மானிட்டர் லீக்_செக்’ நிரல் முடியும்வரை காத்திராமல் அந்தக் கணத்தின் கசிவைக் கணக்கிட்டுச் சொல்லும். ‘மானிட்டர் ஹூ_பாயின்ட்ஸ்_அட்’ ஒரு துண்டை யார் யார் சுட்டுகிறார்கள் என்று தேடித் தரும்.

கசிவு அறிக்கையில் ‘டெஃபினிட்லி லாஸ்ட்’ (எந்தப் பாயிண்டரும் சுட்டாதவை) என்று வருபவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். ‘இன்டைரக்ட்லி லாஸ்ட்’ பெரும்பாலும் அவற்றோடு சேர்ந்தே மறைந்துவிடும். ‘ஸ்டில் ரீச்சபிள்’ என்பதை நிரல் முடியும்போது விடுவிக்காத இடம் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆனால் நாள்கணக்கில் ஓடும் சேவையகம் ஒன்றில் ஒரு பட்டியல் வளர்ந்துகொண்டே போனால், அதுவும் இதே தலைப்பின் கீழ்தான் வரும். அத்தகைய நிரலில் ஒரு வேண்டுகோளுக்கு முன்னும் பின்னும் ‘மானிட்டர் லீக்_செக்’ கொடுத்து, எந்த ஒதுக்கீட்டு வரியின் எண்ணிக்கை கூடுகிறது என்று ஒப்பிட வேண்டும்.

ஒதுக்கீடு எத்தனையாவது முறையில் கெடுகிறது என்று அறிய ஜிடிபியில் ஒரு வழி உண்டு. அந்த வரியில் பிரேக்பாயிண்ட் வைத்து, ‘இக்னோர்’ கட்டளையால் 10,00,000 முறை பொருட்படுத்தாதே என்று சொல்லிவிட்டு ஓட்ட வேண்டும். நிரல் விழுந்ததும் ‘இன்ஃபோ பிரேக்பாயிண்ட்ஸ்’ அந்த வரியை எத்தனை முறை கடந்தது என்று காட்டும். அடுத்த ஓட்டத்தில் அதைவிட ஒன்று குறைவாக ‘இக்னோர்’ கொடுத்தால், விழுவதற்கு முந்தைய கடைசிச் சுற்றில் சரியாக நிற்கலாம்.

ஃபங்ஷன் அழைப்புகளுக்கான நினைவகப் பகுதியான ஸ்டாக் நிரம்பி விழும் பிழை எளிது. லினக்ஸில் முதன்மை இழையின் ஸ்டாக் பொதுவாக 8 மெகாபைட். ‘பிடி’ முடிவின்றி ஒரே ஃபங்ஷன் பெயரைக் காட்டினால் தன்னைத்தானே அழைக்கும் சுழலே காரணம். ‘பிடி -20’ என்று கொடுத்தால் கடைசி 20 சட்டகங்கள் வந்து, அந்தச் சுழல் எங்கே தொடங்கியது என்பது தெரியும்.

திருத்திய பிறகு, நிரல் விழவில்லை என்பதை மட்டும் வைத்துப் பிழை நீங்கியது என்று கொள்ளக் கூடாது. மாலாக் வரியில் ஒரு பைட்டைக் கூட்டிய பின், அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்து, பெயர்க் கோப்பில் 1 குறி முதல் 24 குறி வரை ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு சொல்லை வைத்து இயக்க வேண்டும். பிறகு பழைய ஜிடிபி முறையில், திருச்சியின் பதிவுக்கு முந்தைய தலைப்பகுதியைப் படியெடுத்த வரிக்கு அப்பால் ஒருமுறை பார்க்க வேண்டும். அங்கே 33 மாறாமல் இருக்க வேண்டும். அந்தப் பெயர்க் கோப்பை நிரலின் சோதனைகளோடு சேர்த்துவைத்து, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சானிடைசர் பதிப்பில் தானாக ஓடும்படி அமைத்துவிட்டால் இந்தத் திருத்தம் முடிந்தது.